பழுப்பு என்று எழுதினேன்

போன மாதம் நித்யா போன் செய்தாள். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி அறையை இப்போது பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவள். பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அக்கா, ரெண்டாயிரத்து ஏழு நோட்டுல ஒரு ஆளு பேரு ரெண்டு வாட்டி வருது. மொதல்ல, பழுப்பா ஒரு எடம் இருக்கு, சந்தேகம்னு எழுதியிருக்கீங்க. கொஞ்ச நாள் கழிச்சு, அதே எடம் வெளுப்பா இருக்கு, சந்தேகம்னு எழுதியிருக்கீங்க. நடுவுல டாக்டரு வேற பேனாவுல என்னமோ சேத்திருக்காரு. இதுல எதக்கா ஏத்தறது?"

"ரெண்டையும் ஏத்து."

"ரெண்டும் எப்படிக்கா சரியா இருக்கும்?"

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே முன்னுக்குப் பின் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் அவளை யாரோ கூப்பிட்டார்கள், "அப்பறம் பேசறேங்க்கா" என்று வைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் தெளியும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான்.

என் பெயர் தனலட்சுமி. சொந்த ஊர் விக்கிரமங்கலம். அப்பாவுக்கு நிலம் உண்டு, மூன்று பெண்களும் உண்டு. நடுப்பெண்ணான என்னை நர்சிங் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். படிப்பு, விடுதி, அரியலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டது, பெரம்பலூரில் வாக்கப்பட்டது, இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். தொண்ணூற்றைந்தில் டாக்டர் கலியமூர்த்தியின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கிருந்துதான் என் வேலை தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் வயிறு, குடல் பார்க்கிறவர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். அவரிடம் நோயாளிகளுக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பற்றியாவது நிச்சயமில்லை என்றால், அவர்கள் முகத்தைப் பார்த்தே "எனக்குத் தெரியலீங்க" என்பார். ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் லோடு ஏற்றுகிற ஒருவர் வெளியே வந்து என்னிடமே கேட்டார். "ஏம்மா, தெரியாதவரு எதுக்கு போர்டு மாட்டியிருக்காரு?" அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்கள் பலர், போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. எனக்கு முதல் இரண்டு வருஷம் அது வெட்கமாக இருந்தது. நம் டாக்டர் மற்ற டாக்டர்களைப் போல அடித்துப் பேசக் கூடாதா என்று நினைப்பேன்.

அப்போது எங்களிடம் இருந்த எண்டோஸ்கோப்பில் டி.வி. கிடையாது. கறுப்புக் குழாய், அதன் மேல் முனையில் ஒரு கண் வைத்துப் பார்க்கும் துளை, அவ்வளவுதான். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, பல்லுக்கு நடுவே வளையம் கொடுத்து, தலையை நான் பிடித்துக்கொள்வேன். டாக்டர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அந்த அறையில் மூன்று பேர் இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் பதிவேட்டில் எழுதுவேன். காணாத ஒன்றை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவராகவே "நீங்களும் பாருங்க சிஸ்டர்" என்று துளையை என் பக்கம் திருப்பினார். சிவப்பாக, ஈரமாக, ஏதோ மின்னியது. ஒன்றும் புரியவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"என்ன தெரியுது?"

நான் நோயாளியின் தலையைத் திரும்பப் பிடித்துக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. குழாயை வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார். அன்று முழுக்க எனக்குக் காது சுட்டது.

பிறகு டி.வி. வைத்த கருவி வந்தது. அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி எங்களோடு சேர்த்த சமயம் அது. பதிவேட்டில் முகவரிப் பத்தியில் மாவட்டத்தை அடித்து அடித்து எழுதிய காலம். டி.வி. வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒரு கண்ணுக்குத் தெரிந்தது இப்போது அறை முழுக்கத் தெரிந்தது. கூட வந்தவர்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தன் மாமனாரின் இரைப்பையைப் பார்த்து ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை ஒருவர் மயங்கி விழுந்தார். மாமனாரை விட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏற்றினோம்.

நானும் பார்க்கப் பழகினேன். ஆரோக்கியமான உணவுக்குழாய் வெளிர் ரோஜா நிறம். இரைப்பை அதைவிடச் சிவப்பு. புண் என்றால் வெள்ளைப் படிவம், சுற்றிலும் சிவப்பு. நாலைந்து வருஷத்தில், டாக்டர் வாய் திறப்பதற்குள் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். நிறங்கள் எனக்குச் சொந்தமாகிவிட்டன என்று ஒரு நிமிர்வு.

சந்தேகமான இடங்களில் டாக்டர் அயோடின் தெளிப்பார். அதைக் கலக்குவது என் வேலை. குழாய் வழியாக உணவுக்குழாயின் சுவரில் அதைத் தூவினால் நல்ல தோல் அயோடினைக் குடித்துப் பழுப்பாக மாறிவிடும். கெட்ட தோல் குடிக்காது. பழுப்புக்கு நடுவே அது மட்டும் வெளுப்பாகத் தனித்து நிற்கும். பழுப்பு நல்லது, வெளுப்பு கெட்டது. இதை நான் மனப்பாடமே செய்திருந்தேன். அயோடின் பட்டால் நோயாளிக்கு நெஞ்சு எரியும், அதனால் டாக்டர் அதை எப்போதாவதுதான் எடுப்பார்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு கம்பெனிக்காரர் புதிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று வாரம் உபயோகித்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். பார்வைக்குப் பழையது மாதிரியேதான் இருந்தது. கைப்பிடியில் ஒரு பொத்தான் மட்டும் கூடுதல். அதை அழுத்தினால் விளக்குக்கு முன்னால் ஒரு வடிகட்டி வந்து விழும். வெள்ளை வெளிச்சத்திலிருந்து நீலத்தையும் பச்சையையும் மெல்லிய கோடாக மட்டும் உள்ளே விடும். ரத்தம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மேல்தோலை ஒட்டிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுப்பாகத் தெரியும், ஆழத்தில் இருப்பவை பச்சை கலந்த நீலமாகத் தெரியும், மருந்து எதுவும் தெளிக்க வேண்டியதில்லை என்று கம்பெனிக்காரர் விளக்கினார். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டார். எனக்கு நீலம், பச்சை என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்கவில்லை.

முதல் நாள் ஆலத்தியூர்க்காரர் ஒருவருக்குப் பார்த்தோம். அண்ணன் தம்பி இருவர் வந்திருந்தார்கள், தம்பிக்கு வயிற்று வலி. குழாய் இரைப்பையைத் தாண்டியதும் டாக்டர் பொத்தானை அழுத்தினார். டி.வி. முழுக்கச் செக்கச் செவேலென்று ஏதோ வழிந்தது.

"ரத்தம் சார்!" என்று கத்திவிட்டேன்.

வெளியே இருந்த அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "அய்யோ, என் தம்பிய என்னய்யா பண்ணீங்க?"

டாக்டர் பொத்தானை மறுபடி அழுத்தினார். பழைய வெளிச்சம் வந்தது. வழிந்தது வெறும் பித்தநீர், மஞ்சளாக இருந்தது. வடிகட்டிய வெளிச்சத்தில் பித்தம் ரத்தம் மாதிரி தெரியுமாம். கம்பெனிக்காரர் ஓரமாக நின்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. "பன்னெண்டு வருஷம் படிச்சத எல்லாம் திரும்பப் படிக்கணும் போலருக்கு சிஸ்டர்" என்றார். என் நிமிர்வு அந்த நிமிஷத்தோடு போயிற்று.

மூன்றாவது வாரத்தில்தான் ஜபருல்லா வந்தார்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். வயது நாற்பத்தாறு. வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வருவார். சாப்பிடும்போது நெஞ்சுக்குள் லேசாகக் காந்துகிறது என்றார். கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பவர், சிகரெட்டும் உண்டு. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், இவதான் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா" என்று மனைவி மும்தாஜைக் காட்டினார். மும்தாஜ் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "அங்க போயி அல்லாடக் கூடாதுல்ல, இங்கயே பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

வெள்ளை வெளிச்சத்தில் உணவுக்குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது. ரோஜா நிறம், ஒரு கீறல் இல்லை. குழாயை வெளியே இழுத்துக்கொண்டே டாக்டர் பொத்தானை அழுத்தினார். பல்லிலிருந்து இருபத்தெட்டு சென்டிமீட்டரில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு இடம். உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ.

பொத்தானை அழுத்தினார், காணோம். மறுபடி அழுத்தினார், இருந்தது.

"பழுப்பா இருக்கு சார். அப்ப நல்லதுதானே?" என்று கேட்டேன். என் மனப்பாடம் அப்படி.

"இதுல பழுப்பு நல்லதில்ல சிஸ்டர். அயோடின்லதான் பழுப்பு நல்லது" என்றார். பொத்தானை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். "அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த இடத்தில் இரண்டு துணுக்குக் கிள்ளி எடுத்தார். நோயாளி ஓங்கரித்ததில் இரண்டாவது துணுக்கு சரியாக வரவில்லை. கருவியோடு படம் பிடிக்கும் பெட்டியைக் கம்பெனிக்காரர் தரவில்லை, அதனால் படம் கிடையாது. நான்கு நாளில் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது பதிவேட்டில் டாக்டர் சொல்லி நான் எழுதிய ஒரு வரிதான்: இருபத்தெட்டு சென்டிமீட்டரில் பழுப்பு நிற இடம், சந்தேகத்துக்குரியது.

பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது. அழற்சி இருக்கிறது, மேற்கொண்டு சொல்லத் துணுக்கு போதவில்லை என்றிருந்தது.

ஜபருல்லா எதிரே உட்கார்ந்திருந்தார். "என்ன டாக்டர், இருக்கா இல்லையா?"

"எனக்குத் தெரியலீங்க" என்றார் டாக்டர்.

"அடுத்த வாரம் எனக்கு டிக்கெட்டு டாக்டர். இப்பப் போவலேன்னா விசா போயிடும்."

"அதுக்குள்ள திருச்சில ஒருத்தர்ட்ட பாத்துடுங்க. லெட்டர் தரேன். அவரும் ஒண்ணும் இல்லேன்னா போயிட்டு வாங்க."

டாக்டர் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை எழுதியவளும் நான்தான். இருபத்தெட்டு சென்டிமீட்டரில் பழுப்பு நிற இடம், தயவுசெய்து பார்க்கவும். பதிவேட்டில் இருந்த அதே வரி. டாக்டர் வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மும்தாஜ் பெரம்பலூருக்குத் துணி எடுக்க வந்தவர், அப்படியே ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கையில் ஒரு டப்பா பேரீச்சம்பழம். முகம் மலர்ந்திருந்தது.

"ஒண்ணுமில்லேன்னுட்டாரு சிஸ்டர். டியூபு விட்டுப் பாத்தாரு. நல்லா சுத்தமா இருக்காம். ஒங்க லெட்டரப் படிச்சுட்டு, பழுப்பா இருந்தா நல்லதுதானே, இதுக்கு எதுக்குப் பயந்தாங்கன்னு கேட்டாரு. வெள்ளிக்கிழம ஜும்மா முடிச்சு கிளம்புறாரு, இன்ஷா அல்லாஹ்."

எனக்கும் சந்தோஷம். பழத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். மதியம் குழாய்களைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்தின் நெடி கண்ணைக் கரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது மும்தாஜ் சொன்ன வார்த்தை திரும்ப ஓடியது. பழுப்பா இருந்தா நல்லதுதானே.

கையுறையைக் கூடக் கழற்றாமல் பதிவேட்டைப் புரட்டினேன். பழுப்பு நிற இடம் என்று எழுதியிருந்தேன். எந்த வெளிச்சத்தில் என்று எழுதவில்லை. கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். திருச்சி டாக்டர் அந்தக் கருவியைப் பார்த்திருக்க மாட்டார். நாங்கள் அயோடின் தெளித்தோம், அது நன்றாகப் பழுப்பாகப் பிடித்தது என்று படித்திருக்கிறார். வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான். எங்களுக்கும் தெரியவில்லையே.

டாக்டர் உறவினர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஜபருல்லா வீட்டு நம்பர் பதிவேட்டில் இருந்தது, அதுவும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் ஒரு நர்ஸ். டாக்டரைக் கேட்காமல் நோயாளி வீட்டுக்குப் போய் நிற்பது எங்கள் வேலையில் இல்லாத காரியம். என்ன சொல்லப் போகிறேன் என்றும் தெரியவில்லை. அவருக்கு நோய் இருக்கிறது என்றா? அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது ஒரு நிறம். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கருவியில் பித்தத்தைப் பார்த்து ரத்தம் என்று கத்தியவள் நான். ஒருவேளை அந்தப் பழுப்பும் அந்த மாதிரி ஒன்றுமில்லாததாக இருந்தால்? நான் போய் நின்று ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்தேன் என்றாகாதா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதேதான் மனதில். திட்டக்குடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். யோசித்து ஏறினேன் என்று சொன்னால் அது பொய்.

லப்பைக்குடிக்காட்டில் இறங்கி விசாரித்துப் போனேன். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. ஊறுகாய், முறுக்கு, பிள்ளைகள் அப்பாவுக்கு எழுதிய ஏதோ தாள்கள். மும்தாஜ் என்னைப் பார்த்ததும் "வாங்க சிஸ்டர், எங்க வூட்ட கண்டுபுடிச்சு வந்துட்டீங்களே" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் சொன்னதை ஜபருல்லா நின்றபடியே கேட்டார்.

"லெட்டர்ல தப்பாயிடுச்சுங்க. அந்தப் பழுப்பு வேற, திருச்சி டாக்டர் நெனச்ச பழுப்பு வேற."

"பழுப்புல என்னம்மா வேற?"

வெளிச்சம், வடிகட்டி, அயோடின் என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு நாக்கு குழறியது.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். "எனக்கு இருக்கா, இல்லையா?"

"தெரியலீங்க."

அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக டாக்டரிடமிருந்து கேட்டு வெட்கப்பட்ட வார்த்தை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச டாக்டரு இல்லேங்குறாரு. நீங்க பஸ் ஏறி வந்து தெரியலேங்கிறீங்க. தெரியாததுக்கா நான் விசாவ விடணும்? மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு சிஸ்டர்."

எழுந்தேன். மும்தாஜ்தான் வழியை மறித்த மாதிரி நின்றார். கணவரைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணுமில்லேன்னா இவங்க எதுக்குங்க வேல வெட்டிய போட்டுட்டு வரணும்? வெள்ளிக்கிழமதானே கிளம்புறீங்க? நாளைக்குக் காலையில ஒரு தடவ பாத்துட்டு வந்துடுவோம். ஒரே ஒரு தடவ."

இரவு டாக்டரே போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். அயோடின் கலந்து வைங்க" என்றார்.

வியாழன் காலை. அந்தப் புதிய கருவி எங்களிடம் இல்லை, எங்கள் பழைய குழாயும் அயோடினும்தான் இருந்தன. கலக்கும்போது அளவை மூன்று முறை சரிபார்த்தேன். மும்தாஜ் கதவோரம் நிற்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் இறங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் இருபத்தெட்டு சென்டிமீட்டரில் ஒன்றுமில்லை. முப்பதிலும் ஒன்றுமில்லை. நான் ஊசிக்குழலை மெல்ல அழுத்தினேன். அயோடின் தூவலாக விழுந்தது, சுவர் முழுக்கப் பழுப்பேறியது. ஜபருல்லா நெஞ்சு எரிச்சலில் காலை உதைத்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க, கொஞ்சம்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பழுப்புக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் நிறம் பிடிக்கவில்லை. கட்டைவிரல் நகம் அளவு. மஞ்சள் பாய்ந்த வெளுப்பு.

டாக்டர் ஓரங்களிலும் நடுவிலும் ஆறு துணுக்கு எடுத்தார். ஒவ்வொன்றையும் நான் புட்டியில் போட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னேன்.

வெளியே வந்து எது நல்லது, எது கெட்டது என்று சொன்னதும் மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கி பழுப்பா இருக்கு, கெட்டதுன்னீங்க. இன்னிக்கி சுத்தி எல்லாம் பழுப்பா இருக்கு, அது நல்லதுங்கிறீங்க. வெளுப்பா இருக்கறது கெட்டதுங்கிறீங்க. நான் எத நம்பறது சிஸ்டர்?"

ரெண்டும் ஒரே இடம்தாம்மா என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர்கள் போன பிறகு டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். அந்தப் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே தன் பேனாவால் வடிகட்டிய வெளிச்சத்தில் பார்த்தது என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எப்போது சேர்த்தது என்று யாருக்கும் தெரியட்டும் என்பது மாதிரி.

"நான்தான் சார் வெளிச்சத்த எழுதாம விட்டுட்டேன்."

"நான் சொல்லவே இல்லையே சிஸ்டர். கையெழுத்தும் படிக்காமப் போட்டேன்." பேனாவை மூடிக்கொண்டே, "இது யார் தப்புன்னு பிரிக்க முடியுமா என்னன்னு பாத்தேன், முடியல" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு.

வெள்ளிக்கிழமை விமானம் ஜபருல்லா இல்லாமல் போனது. முடிவு வந்தபோது, செல்கள் மோசமாக மாறியிருக்கின்றன, உடனே கவனிக்க வேண்டும் என்றிருந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாகவே அந்த இடத்தின் மேல்தோலைச் சீவி எடுத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். விசா போயிற்று. அந்த லாரிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

கதை இங்கே தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. சீவி எடுத்ததைப் பரிசோதித்த சென்னை டாக்டர், இது புற்றுநோய்தான், ஆரம்பக் கட்டம் என்று எழுதினார். எதற்கும் இன்னொருவர் பார்க்கட்டும் என்று, அந்தத் தோலை ஒட்டி வைத்துப் பார்த்த அதே கண்ணாடித் தகட்டை வேறொரு நிபுணருக்கு அனுப்பினார்கள். அவர், இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆவதற்கு முந்தின நிலை என்று எழுதினார். ஒரே தகடு. இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் ஒரு பக்கத்து டாக்டர்கள் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கத்து டாக்டர்கள் வேறு மாதிரியும் இதற்குப் பெயர் வைக்கிறார்கள் என்றார். எதுவானாலும் எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று என்றார்.

ஜபருல்லாவுக்கு அது போதவில்லை. "எனக்கு வந்துச்சா வரலையான்னு யாராச்சும் சொல்லுங்களேன் சிஸ்டர். வந்துச்சுன்னா, தப்பிச்சேன்னு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வேன். வரலேன்னா, விசாவ நெனச்சு அழுவேன். ரெண்டுல ஒண்ணாவது பண்ணணும்ல?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. நான் பஸ் ஏறிப் போனது சரிதானா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் இரண்டு வருஷம் கழித்துச் சோறு இறங்காமல் வந்திருப்பாரா, அல்லது ஒன்றும் ஆகாமல் லாரி ஓட்டிக்கொண்டிருந்திருப்பாரா? அதைக் காட்டும் வெளிச்சம் எந்தக் கருவியிலும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அவருடைய மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினார்கள். பையனின் அப்பா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, தொப்பி, மெதுவான பேச்சு.

"பொண்ணோட அத்தாவுக்கு அந்த நோவுன்னு ஊருல பேசிக்கிறாங்க. நெசமாம்மா?"

நோயாளியைப் பற்றி வெளியாளிடம் பேசக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "காயிதம் ஒண்ணும் வேணாம். ஒண்ணே ஒண்ணு. அவரு நல்லா சாப்பிடறாரா?"

"அத நீங்க அவரு வூட்டுக்கே போயி, கூட ஒக்காந்து சாப்பிட்டுப் பாக்கலாங்களே" என்றேன்.

"எங்க அத்தாவுக்குக் கடைசில கஞ்சி கூட எறங்கல. அதான் கேட்டேன். சரிம்மா, போய்ப் பாக்குறேன்" என்று எழுந்து போனார்.

போய்ச் சாப்பிட்டிருக்கிறார். ஜபருல்லா அவருக்கு முன்னால் எட்டு இடியாப்பம் சாப்பிட்டாராம். மும்தாஜ் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நிக்காஹ் நடந்தது.

நிக்காஹ் முடிந்த மறுநாள் ஜபருல்லா ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மதிய நேரம், கூட்டம் வடிந்திருந்தது. டாக்டர் அவரை விடவில்லை. "நீங்களும் ஒக்காருங்க, சேந்து சாப்பிடுவோம்" என்று எங்கள் சாப்பாட்டு அறைக்கே கூட்டிவந்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஜபருல்லா பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டார். மென்றார், விழுங்கினார். சட்டென்று பேச்சு நின்றது. கை நெஞ்சுக்குப் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது.

டாக்டரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

ஜபருல்லா டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "அட, பச்ச மொளகாய கடிச்சுட்டேன், ஒக்காருங்க சிஸ்டர்" என்று சிரித்தார்.

உட்கார்ந்தேன். அவர் அடுத்த கவளத்தை எடுத்தார். அது இறங்கி முடிகிற வரைக்கும் டாக்டரும் நானும் சாப்பிடாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.